நனிசைவமும் விலங்குரிமையும்: எதை முதலில் படிப்பது?

கேள்வி: நனிசைவம் (வீகன் வாழ்முறை: பால், முட்டை உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் தவிர்ப்பது), விலங்குரிமை பற்றி ஒரு புத்தகம்கூடப் படித்ததில்லை. எங்கே தொடங்கலாம்?

பதில்: தத்துவவாதி பீட்டர் சிங்கரின் 'அனிமல் லிபரேஷன்' (1975). மொத்தம் ஆறு அத்தியாயங்கள். முதல் அத்தியாயத்தை அவசரமில்லாமல் இரண்டு முறை படியுங்கள், வாதம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. வலியை உணரும் உயிருக்கு வலியில்லாமல் இருப்பது ஒரு நலன். அந்த உயிர் மனிதரில்லை என்ற ஒரே காரணத்துக்காக அந்த நலனின் எடையைக் குறைக்க நமக்கு நியாயமில்லை என்கிறார். இரண்டாவது அத்தியாயம் ஆய்வுக்கூடங்கள், மூன்றாவது பண்ணைத் தொழில். பழைய பதிப்பை வாங்கினால் இந்த இரண்டிலும் உள்ள தகவல்கள் காலாவதியானவை. 2023இல் சிங்கரே திருத்தி எழுதிய 'அனிமல் லிபரேஷன் நவ்' கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

கேள்வி: சிங்கரைப் படித்துவிட்டேன் அண்ணா. விலங்குரிமைக்கு அதுவே போதாதா? தத்துவவாதி டாம் ரீகன் வேறு எதற்கு?

பதில்: நிறையப் பேர் தடுமாறும் இடம் இது. சிங்கரின் வாதம் உரிமையின் மேல் நிற்பதே இல்லை. அவர் பயன்வழி அறம் பேசுபவர், துன்பத்தையும் நன்மையையும் கூட்டிக் கழித்துப் பார்ப்பவர். கணக்கு மாறினால் முடிவும் மாறலாம். ரீகன் அந்தக் கணக்கையே மறுக்கிறார். விருப்பம், நினைவு, நாளையைப் பற்றிய உணர்வு எல்லாம் கொண்டு தன் வாழ்வைத் தானே வாழும் உயிருக்கு, பிறருக்கு என்ன பயன் என்பதைத் தாண்டிய மதிப்பு உண்டு; அதை வெறும் கருவியாக்கக் கூடாது என்பது அவர் நிலை.

'தி கேஸ் ஃபார் அனிமல் ரைட்ஸ்' (1983) தடித்த தத்துவ நூல். முதல் பக்கத்திலிருந்து தொடங்குபவர்கள் பெரும்பாலும் பாதியில் விட்டுவிடுகிறார்கள். அதே தலைப்பில் அவர் எழுதிய சிறு கட்டுரை, சிங்கர் தொகுத்த 'இன் டிஃபென்ஸ் ஆஃப் அனிமல்ஸ்' (1985) நூலில் இருக்கிறது. முதலில் அது, பிறகு பெரிய நூலின் 7, 8ஆம் அத்தியாயங்கள். எட்டாவதில் ஒரு உயிர்காப்புப் படகு வருகிறது: நான்கு மனிதர்கள், ஒரு நாய், எல்லோரும் மூழ்காமல் இருக்க யாரோ ஒருவரைக் கடலில் இறக்கியாக வேண்டும். நாயைத்தான் இறக்க வேண்டும் என்கிறார் ரீகன். அது அவருடைய கொள்கைக்கே முரண் என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். அவர் பதிலைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேள்வி: கூண்டில்லாத கோழிப்பண்ணை போன்ற சீர்திருத்தங்களை விலங்குரிமைக்காரர்களே சிலர் ஏன் எதிர்க்கிறார்கள்?

பதில்: கேரி ஃபிரான்சியோன், 'இன்ட்ரொடக்ஷன் டு அனிமல் ரைட்ஸ்' (2000). சட்டப் பேராசிரியர், நடை எளிது. விலங்கு சட்டத்தின் கண்ணில் உடைமையாக இருக்கும்வரை, அதன் நலன் உடைமையாளரின் லாபத்துக்கு முன் தோற்றுக்கொண்டே இருக்கும் என்பது அவர் வாதம்.

கேள்வி: திருக்குறளைவிட இந்தப் புத்தகங்களில் புதிதாக என்ன இருக்கிறது ஐயா?

பதில்: குறளை விட்டுவிடவே வேண்டாம். 26ஆம் அதிகாரம் புலால் மறுத்தல், 33 கொல்லாமை. புலால் மறுத்தலில் 256ஆம் குறள்: 'தினற்பொருட்டால் கொல்லாது உலகெனின் யாரும் விலைப்பொருட்டால் ஊன்தருவா ரில்.' வாங்குபவர் இருப்பதால்தான் விற்பவர் இருக்கிறார். கசாப்புக்காரர் மேல் மட்டும் பழி போடும் வழக்கத்துக்கு இதைவிடக் கூர்மையான பதில் இல்லை. இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். இவ்விரு அதிகாரங்களும் இல்லறவியலில் இல்லை, துறவறவியலில் இருக்கின்றன. பாலும் இங்கே பேசப்படவில்லை. ஆகவே குறள் நனிசைவத்தைச் சொல்கிறது என்பது மிகை. மணிமேகலையில் வேள்விப் பசுவை மீட்கும் ஆபுத்திரன் கதையையும் (13ஆம் காதை) சேர்த்துப் படியுங்கள். மீட்டவனின் பிறப்பை இழுத்து அவனைத் தாக்குகிறார்கள். விலங்கு, சாதி என்ற இரண்டு கேள்விகளும் அங்கேயே பின்னிக் கிடக்கின்றன.

கேள்வி: எங்கள் ஊரில் 'சைவம்' என்ற சொல்லே சாதிப் பெருமையாக ஒலிக்கிறது. இதைப் பேசும் நூல் உண்டா?

பதில்: இதைத் தாண்டிச் செல்லும் எந்த வாசிப்பும் இங்கே முழுமையாகாது. மாட்டிறைச்சிக்கும் தீண்டாமைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் அம்பேத்கரின் 'தி அன்டச்சபிள்ஸ்' (1948) முதலில். அடுத்து யாமினி நாராயணனின் 'மதர் கவ், மதர் இந்தியா' (2023). மாடு கன்று ஈன்றால்தான் பால். ஈனும் கன்றுகளில் ஏறக்குறைய பாதி காளை, பால் தொழிலுக்கு அவை வேண்டாதவை. மடி வற்றிய மாடும் அப்படியே. அதனால் பால் பண்ணையையும் கசாப்புக் கூடத்தையும் ஒரே தொழிலின் இரு முனைகளாகப் பார்க்க வேண்டும் என்கிறார். பாலைப் புனிதமென்று வைத்துக்கொண்டு, கொலைப் பழியை மட்டும் முஸ்லிம்கள் மேலும் தலித்துகள் மேலும் இறக்கிவிடும் அரசியலை நேராகக் கேள்வி கேட்கிறார். ஒரே ஒரு புத்தகத்துக்குத்தான் நேரம் என்றால், இந்தியாவில் வாழ்பவருக்கு சிங்கரைவிட இதையே சொல்வேன்.

கேள்வி: சட்டம் படிக்கிறேன். எதைப் பார்க்கலாம்?

பதில்: 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டம், குறிப்பாக 3, 11, 28 பிரிவுகள். அடுத்து ஜல்லிக்கட்டைத் தடை செய்த, 2014ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற நாகராஜா தீர்ப்பு. அதோடு நிறுத்தினால் படம் தவறாகிவிடும். 2017இல் ஜல்லிக்கட்டை அனுமதிக்கத் தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அது செல்லும் என்றது. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

கேள்வி: உணவுப் பக்கம்? வீட்டில் புரதம் போதாது என்று பயப்படுகிறார்கள்.

பதில்: ஜாக் நாரிஸ், வர்ஜீனியா மெசினா எழுதிய 'வீகன் ஃபார் லைஃப்'. பழைய நூல்களில் கவனம் தேவை. 1971இல் வந்த 'டயட் ஃபார் எ ஸ்மால் பிளானட்', தானியத்தையும் பருப்பையும் ஒரே வேளையில் சேர்த்தே ஆக வேண்டும் என்றது. 1981 பதிப்பில் ஆசிரியரே அதைத் திருத்திக்கொண்டார். நாள் முழுவதிலும் பருப்பு, பயறு, தானியம் போதிய அளவு இருந்தால் போதும். உண்மையான ஆபத்து வைட்டமின் பி12 குறைபாடு. சுருள்பாசியை நம்ப வேண்டாம், அதில் இருப்பது பெரும்பாலும் உடலுக்குப் பயன்படாத வடிவம். நாளுக்கு 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரத்துக்கு 2000 மைக்ரோகிராம் என்பது பிரிட்டனின் வீகன் சொசைட்டி தரும் அளவு. இதைச் சொல்லாத உணவு நூலை வாங்காதீர்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பையும் படிக்க வேண்டும்.

பதில்: 'தி அனிமல் ரைட்ஸ் டிபேட்' (2001). கார்ல் கோஹன் எதிர்க்கிறார், ரீகன் பதில் சொல்கிறார், ஒரே அட்டைக்குள். கோஹனின் பகுதியை முடித்ததும் உங்கள் மறுப்பை ஒரு பக்கம் எழுதிவிட்டு, அதன் பிறகு ரீகனைத் திறங்கள்.