32 எம்பி ரேம் ரௌட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி: ரீஸ்டார்ட் சிக்கல்

வணக்கம். ஓப்பன்டபிள்யூஆர்டி (ரௌட்டருக்கான திறந்த மூல இயங்குதளம்) ஓடும் உங்கள் ரௌட்டரில் விளம்பரத் தடுப்புப் பொதியைப் போட்டதிலிருந்து அரை மணிக்கொரு தடவை அது தானாக ரீஸ்டார்ட் ஆகிறது, ஃபயர்வால்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். ஃபயர்வால் இல்லை. அதன் வேலை இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள்ளேயே நடக்கிறது. இருபது முப்பது விதிகளுக்கு ஆகும் ரேம் மிகக் குறைவு.

நீங்கள் ஒட்டிய லாக்கின் கடைசி வரியைப் பாருங்கள்: நினைவகம் தீர்ந்துபோய் தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் (டிஎன்எஸ்) நிரலான டிஎன்எஸ்மாஸ்க்கை கெர்னல் நிறுத்தியிருக்கிறது. தற்காலிகக் கோப்புகளுக்கான டிஎம்பி கோப்புறை ஃபிளாஷில் (நிரந்தரச் சேமிப்பகம்) இல்லை, ரேமில்தான் இருக்கிறது. தடுப்புப் பட்டியல் முதலில் அங்கே இறங்கும், அப்புறம் டிஎன்எஸ்மாஸ்க் அதையே மறுபடி தன் நினைவகத்தில் ஏற்றும். 32 எம்பியில் கெர்னலும் வைஃபையும் எடுத்தது போக மிஞ்சுவதே கொஞ்சம்.

அந்தப் பொதியை நீக்கிவிட்டு, டிஎன்எஸ் முகவரியாக விளம்பரங்களை வடிகட்டும் ஆட்கார்டு டிஎன்எஸ் சேவையின் 94.140.14.14 கொடுங்கள். வடிகட்டல் அவர்கள் சர்வரிலேயே நடந்துவிடும். வான் (இணையப் பக்க இணைப்பு) அமைப்பில் இணைய நிறுவனம் தரும் டிஎன்எஸ்ஸைப் பயன்படுத்தும் டிக்கை எடுக்க மறந்துவிடாதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை வேறு. உங்கள் ஓப்பன்டபிள்யூஆர்டி 19.07 பதிப்புக்கு 2022க்குப் பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. 21.02 முதல் குறைந்தபட்சத் தேவையே 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ரேம். சரி, 128 எம்பி ரேம் உள்ள ஒன்று வாங்கும்வரை ஃபயர்வாலை மோடமே பார்க்கட்டும். ரௌட்டரில் டிஹெச்சிபியை (சாதனங்களுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை) அணைத்து, மோடத்திலிருந்து வரும் கேபிளை லேன் போர்ட்டில் செருகி, இதை வெறும் ஆக்சஸ் பாயிண்டாக (வைஃபை மட்டும் தரும் கருவி) ஓட்டுங்கள். அப்போது ஆட்கார்டு முகவரியை மோடத்தில் கொடுக்க வேண்டும்.