எந்த ஆண்டில் எழுதப்பட்டது? தொடக்ககால இஸ்லாமிய வரலாறு குறித்த கேள்வி பதில்

கேள்வி (கல்லூரி மாணவர்): நபிகள் நாயகத்துக்குப் பிந்தைய முதல் நூறாண்டுகளைப் பற்றிய செய்திகள் அனைத்தும் மிகவும் பிற்கால நூல்களிலிருந்து வருபவைதானா? அக்காலத்துச் சான்று ஒன்றும் இல்லையா?

பதில்: விரிவான வரலாற்று நூல்கள் பிந்தியவை என்பது உண்மை, பெரும் வரலாற்று நூலை எழுதிய அத்தபரீ மறைந்ததே 923இல்தான். ஆனால் எகிப்தின் வறண்ட மண் ஏராளமான பாப்பிரஸ் (நாணல் தாள்) ஏடுகளைக் காத்து வைத்திருக்கிறது. இன்று வியன்னாவில் உள்ள ஓர் ஏட்டைச் சொல்கிறேன். ஹிஜ்ரி 22, ஜமாதுல் அவ்வல் மாதம், அதாவது கி.பி. 643 ஏப்ரல், நபிகள் மறைந்து பதினோரு ஆண்டுகளே ஆகியிருந்தன, கலீஃபா உமர் ஆட்சியில் இருந்தார். அப்துல்லாஹ் இப்னு ஜாபிர் என்ற படைத்தலைவர், இஹ்னாஸ் வட்டாரத்தின் உள்ளூர் அதிகாரிகளிடமிருந்து தம் வீரர்களுக்காக 65 ஆடுகளைப் பெற்றுக்கொண்டதற்குக் கொடுத்த ரசீது அது. மேலே கிரேக்கம், கீழே அரபி. கிரேக்கப் பகுதியை எழுதியவர் யோவான் என்ற கிறித்தவ எழுத்தர். கொடுத்த அதிகாரிகளின் பெயர்கள் கிறிஸ்தோபோரஸ், தியோதோராக்கியோஸ். எகிப்தைப் பிடித்த அரபுகள் பழைய நிர்வாகத்தைக் கலைக்காமல் அதைக்கொண்டே வரி வாங்கினார்கள் என்பதை ஒரு துண்டு ஏடு காட்டிவிடுகிறது. அரபி எழுத்துகள் சிலவற்றில், ஒரே வடிவ எழுத்துகளை வேறுபடுத்திக் காட்டும் புள்ளிகளும் இடப்பட்டிருக்கின்றன. புள்ளிகள் பிற்காலத்தில் நுழைந்தவை என்று எழுதுபவர்கள் இந்த ஏட்டை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கேள்வி: ஜெருசலேம் பாறைக் குவிமாடத்தின் ஆண்டு ஹிஜ்ரி 72 என்றால், 622ஐக் கூட்டிக் கி.பி. 694 என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஹிஜ்ரி ஆண்டு சந்திர ஆண்டு. நம் ஆண்டைவிட ஏறத்தாழ பதினோரு நாள் குறைவு. ஹிஜ்ரி 72 என்பது கி.பி. 691-692. 622ஐ மட்டும் கூட்டினால் முதல் நூற்றாண்டிலேயே இரண்டு மூன்று ஆண்டுகள் பிசகும். பிந்தைய நூற்றாண்டுகளில் பிசகு இன்னும் பெருகும்.

அக்கட்டடத்தைப் பற்றி இன்னொன்று. உட்புறத்தில் ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்துக்கு ஓடும் மொசைக் கல்வெட்டில், அதை எழுப்பிய கலீஃபா அப்துல் மலிக்கின் பெயர் இல்லை. நூறாண்டுகளுக்கும் மேல் கழித்து ஆண்ட, அப்பாசிய அரச மரபைச் சேர்ந்த கலீஃபா மஃமூனின் பெயரை அந்த இடத்தில் நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். ஆனால் ஆண்டை மாற்றாமல் விட்டுவிட்டார்கள். மஃமூன் பதவியேற்றது 813இல். கல்வெட்டோ 72 என்கிறது. உண்மையில் கட்டியவர் யார் என்பதை அந்த ஆண்டே சொல்லிவிடுகிறது.

கேள்வி: அலெக்சாந்திரியா நூலகத்தை எரித்தது கலீஃபா உமரின் ஆணையா?

பதில்: இல்லை. அந்நகரம் அரபுப் படையிடம் வீழ்ந்தது 640களின் தொடக்கத்தில். இக்கதை எழுத்தில் தோன்றுவது ஏறத்தாழ 1200ஆம் ஆண்டையொட்டி. இடைப்பட்ட ஐந்தரை நூற்றாண்டுகளில் எழுதிய கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இதைக் குறிப்பிடவில்லை. ஒரு செய்தியைக் கேட்டால், அது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதையே முதலில் கேளுங்கள்.

கேள்வி: இஸ்லாம் வாளால் பரவிய மதம் என்பதை ஒப்புக்கொள்கிறீர்களா?

பதில்: பேரரசு வாளால் பரவியது, அதில் ஐயமில்லை. மதம் அதே வேகத்தில் பரவவில்லை. எகிப்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மையாவதற்குப் பல நூற்றாண்டுகள் ஆயின. ஈராக்கில், அப்பாசியருக்கு முன் ஆண்ட உமையா அரச மரபின் ஆளுநர் ஹஜ்ஜாஜ், இஸ்லாத்தைத் தழுவி நகரங்களுக்கு வந்த உழவர்களை அவரவர் ஊர்களுக்கே திருப்பி அனுப்பினார். வரி வருவாய் குறைந்ததே காரணம். மதம் மாற்றுவதே அரசின் முதல் நோக்கமாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

அதே வாசகர்: இது வெள்ளையடிப்பு. ஜிஸ்யா என்னும் தலைவரியும் வற்புறுத்தல்தானே?

பதில்: வரி சுமையாக இருந்தது என்பதை நான் மறைக்கவில்லை. வரி கட்டியவர்களின் கழுத்தில் ஈய முத்திரை கட்டும் வழக்கம் இருந்தது. அதை அவமானமாகவே அவர்கள் உணர்ந்தார்கள். வரியிலிருந்து விடுபட மதம் மாறியவர்களும் உண்டு. ஆனால் கழுத்தில் கத்தியை வைப்பதும், வரி விதிப்பதும், அரசவையில் முன்னேற விரும்பித் தானே மாறுவதும் மூன்று வெவ்வேறு செயல்கள்.

மற்றொரு வாசகர்: ஜிஸ்யா பாதுகாப்புக் கட்டணம் மட்டுமே; யாருக்கும் துன்பம் இருந்ததில்லை. நீங்கள் ஏன் ஈய முத்திரையை இழுக்கிறீர்கள்?

பதில்: அது நடந்தது என்பதால். மதம் மாறியவர்களிடமும் ஜிஸ்யா வாங்கப்பட்டதால்தான், 717இல் ஆட்சிக்கு வந்த உமையா கலீஃபா இரண்டாம் உமர் அதை நிறுத்த ஆணையிட வேண்டியிருந்தது. குறையே இல்லாத ஏற்பாட்டைத் திருத்த வேண்டிய தேவை அந்தக் கலீஃபாவுக்கு ஏன் வந்தது? இரு தரப்பினரும் முடிவை முதலில் வைத்துக்கொண்டு சான்றைப் பிறகு தேடுகிறீர்கள். இந்த வாதத்தில் எனக்கு மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

கேள்வி: அலெக்சாந்திரியா நூலகத்தை எரித்தவர்கள் யார்?

பதில்: மேலே சொல்லியாயிற்று. தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: சேர மன்னர் சேரமான் பெருமாள் மக்கா சென்றது உண்மையா?

பதில்: அது மிகவும் பிற்கால ஏடுகளில் வரும் மரபுக்கதை. கேரளத் தொடர்புக்கு உறுதியான சான்று வேண்டுமென்றால், கொல்லத்தின் தரிசாப்பள்ளி என்னும் கிறித்தவத் தேவாலயத்துக்கு வழங்கிய செப்பேடுகளைப் பாருங்கள். 849ஆம் ஆண்டு, வட்டெழுத்தில் அமைந்த சாசனத்தின் இறுதியில் சாட்சிகள் கூஃபி என்னும் பழைய அரபி எழுத்திலும் பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்திலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள்.

கேள்வி: உருவம் பொறித்த நாணயம் வைத்திருப்பது மார்க்கத்தில் கூடுமா?

பதில்: இது ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) கேட்க வேண்டியது.

கேள்வி: தாத்தா விட்டுச்சென்ற வெள்ளி நாணயத்தில் கிரீடம் அணிந்த மன்னர் தலையும் ஓரத்தில் அரபி எழுத்தும் உள்ளன. இது போலியா?

பதில்: அந்தக் காரணத்துக்காகப் போலி என்று ஒதுக்க வேண்டாம். பாரசீகத்தைப் பிடித்த பிறகும் பல பத்தாண்டுகள் பழைய பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரூவின் தலையும், மறுபுறம் தீ வேள்விமேடையும் கொண்ட பழைய அச்சிலேயே திர்ஹம் என்னும் வெள்ளிக் காசை அடித்தார்கள்; ஓரத்தில் மட்டும் "பிஸ்மில்லாஹ்" சேர்த்தார்கள். மக்களின் கை பழகிய காசு அது. அப்துல் மலிக் ஹிஜ்ரி 77இல், அதாவது 696-697இல், உருவத்தை அறவே நீக்கி எழுத்து மட்டும் கொண்ட தீனார் என்னும் பொற்காசை வெளியிட்டார்; எடை ஏறத்தாழ 4.25 கிராம். எழுத்து மட்டும் கொண்ட திர்ஹம்கள் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் வந்தன. உங்கள் நாணயத்தில் தலைக்குப் பின்னால் பஹ்லவி எழுத்து தெரிகிறதா, வேள்விமேடையின் இருபுறமும் ஆண்டும் அச்சிட்ட ஊரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவ்வாண்டு எப்போதும் ஹிஜ்ரி அல்ல. பாரசீகத்தின் கடைசி மன்னர் யஸ்தகிர்தின் ஆண்டுக்கணக்காகவும் இருக்கலாம். கையால் தேய்த்தோ புளி போட்டோ துலக்கிவிடாதீர்கள். ஓரத்து எழுத்துதான் முதலில் அழியும்.