42 மூட்டை ஏன் 42.0 ஆகிறது?

மன்னார்குடியில் நெல் வியாபாரக் கணக்கைப் போஸ்ட்கிரஸ் என்ற டேட்டாபேஸில் வைத்திருக்கும் ஒருவர் கேட்கிறார்: "டேபிளில் மூட்டை எண்ணிக்கை இன்டிஜர் (முழு எண்), எடை பிக்இன்ட் (பெரிய முழு எண்). விவசாயிகள் பட்டியலோடு லெஃப்ட் ஜாயின் போட்டு, பைதானில் கர்சர் வழியாக எடுத்து, அட்டவணைகளைக் கையாளும் பாண்டாஸ் நூலகத்தில் ஏற்றினால் மூட்டை 42.0 என்று வருகிறது, எடையின் கூட்டுத்தொகை ஆப்ஜெக்ட் (எண் வகை அல்லாத பொது வகை) என்கிறது. டேபிள் கெட்டுவிட்டதா?"

டேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீங்கள் படிப்பது குவெரியின், அதாவது டேட்டாபேஸிடம் கேட்ட கேள்வியின் விடையை, அதில் வகை மாறலாம்.

லெஃப்ட் ஜாயின் இடப்பக்கப் பட்டியலில் உள்ள எல்லோரையும் காட்டும் என்பதால் இந்தக் குறுவைக்கு உங்களிடம் நெல் போடாத விவசாயியும் பட்டியலில் வருவார், அவருக்கு மூட்டை நல் (NULL, அதாவது மதிப்பே இல்லை). பாண்டாஸின் சாதாரண இன்டிஜர் நெடுவரிசையில் நல்லுக்கு இடமில்லை, அதனால் அதை NaN ('எண் அல்ல') என்ற ஃப்ளோட் (தசமப் புள்ளி எண்) மதிப்பாக்கி, கூடவே மொத்த நெடுவரிசையையும் ஃப்ளோட்டாக்கிவிடும். ஒரே ஒரு ஆள் போதும்! மூட்டைக்கு குவெரியிலேயே, நல்லுக்குப் பதில் வேறு மதிப்பைத் தரும் கோஅலெஸ் (COALESCE) போட்டு 0 ஆக்கலாம், போடாதவர் கணக்கு 0 மூட்டைதானே. ஆனால் அதே கையோடு ஈரப்பதத்துக்கும் 0 போட்டுவிடாதீர்கள். 17 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்க்கும் இடத்தில், நெல்லே கொண்டுவராதவரின் 0 சராசரியைக் கீழே இழுத்து ஈர நெல்லைக் காய்ந்த நெல்லாகக் காட்டும். அங்கே நல் நல்லாகவே இருக்கட்டும். முழு எண்ணும் வேண்டும், நல்லும் வேண்டும் என்றால் பாண்டாஸில் இன்ட்64 (Int64) என்ற வகை உண்டு, முதல் எழுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், சின்ன எழுத்து வேறு வகை.

அப்புறம் எடை. போஸ்ட்கிரஸ் இன்டிஜரைக் கூட்டினால் பிக்இன்ட் தரும், பிக்இன்ட்டைக் கூட்டினால் நியூமெரிக் என்ற துல்லியமான எண் வகையைத் தரும். பைதானை போஸ்ட்கிரஸோடு இணைக்கும் சைகோபிஜி2 அதை பைதானின் டெசிமல் என்ற துல்லியமான எண் வகையாகக் கொடுக்கிறது, பாண்டாஸுக்கு டெசிமல் என்றால் ஆப்ஜெக்ட்தான். கிலோ முழு எண்ணாகத்தான் இருக்கிறதென்றால் கூட்டிய பிறகு குவெரியிலேயே பிக்இன்ட்டாக காஸ்ட் செய்துவிடுங்கள், அதாவது வகையை மாற்றிவிடுங்கள். சந்தேகம் வந்தால் குவெரியில், ஒரு மதிப்பின் வகையைச் சொல்லும் பிஜி_டைப்ஆஃப் (pg_typeof) போட்டுப் பாருங்கள், மாற்றியது டேட்டாபேஸா பைதான் பக்கமா என்று உடனே தெரிந்துவிடும்.

விவசாயிக்குப் பட்டுவாடா செய்யும் தொகையை நியூமெரிக்கில் வைத்திருந்தால் அதுவும் இதே மாதிரி ஆப்ஜெக்ட் என்று வரும். அதை மட்டும் ஃப்ளோட்டாக்க வேண்டாம், பைசா கணக்கு டெசிமலிலேயே இருக்கட்டும்.