கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும்?

"சாமிக்குப் பயப்படாதவன் வேறு எதற்குப் பயப்படுவான்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கடவுளை நம்பாத மனிதநேயர் பயத்திலிருந்து தொடங்குவதில்லை, அடுத்தவர் வலியிலிருந்து தொடங்குகிறார். எங்கள் கொங்குப் பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை, அதாவது தலித் மக்களுக்கு மட்டும் தனிக் குவளை தரும் வழக்கம், இருந்தது. அது தவறு என்று சொல்ல எந்த வேதமும் வேண்டாம். தனிக் குவளையை வாங்கும் கை நம்முடையது என்று நினைத்துப் பார்த்தால் போதும்.

1925-இல் ஈரோட்டில் 'குடிஅரசு' இதழைத் தொடங்கிய பெரியார், பிறப்பால் ஒருவரைத் தாழ்த்துவதைச் சாமி பெயரில் சொன்னாலும் ஏற்கவில்லை. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967 சட்டத் திருத்தம் சட்ட ஏற்பு தந்தது.

அப்புறம், இது பக்தர்கள் மீதான வெறுப்பு இல்லைங்க. பண்ணாரி அம்மன் கோயிலில் குண்டம் இறங்கும் (தீ மிதிக்கும்) அம்மாயிதான் என்னை வளர்த்தார். அந்தப் பக்தி இன்னொருவரை வாசலில் நிறுத்தினால் மட்டும் எதிர்த்துப் பேசுவேன்.