பீரோவில் கிடக்கும் பட்டம்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். எட்டாவதுதான் படித்தேன். தைப்பவருக்கு எடுபிடியாக, கைமடிக்கும் பையனாகச் சேர்ந்து இந்த இடத்துக்கு வந்தேன். மகன் அரசுப் பள்ளியில் பன்னிரண்டாவது முடித்து 600-க்கு 431 எடுத்திருக்கிறான். அரசுக் கலைக் கல்லூரியில் பி.காம். சீட் கிடைத்திருக்கிறது. எங்கள் முதலாளியோ, "இப்போதே அனுப்பு, வாரம் 3,500 தருகிறேன், மூணு வருஷத்தில் தொழில் கற்றுக்கொள்வான்" என்கிறார். பட்டதாரிகள்தான் அதிகம் வேலையில்லாமல் இருக்கிறார்கள் என்று பேப்பரில் படித்தேன். எங்கள் வீட்டிலேயே அதைப் பார்த்தும்விட்டேன். மூத்த மகளை பி.காம். படிக்கவைத்தேன், முதல் வகுப்பு. முடித்த கையோடு வரன் அமைந்தது. இப்போது உடுமலையில் இருக்கிறாள். அவள் சான்றிதழ் எங்கள் பீரோவில்தான் கிடக்கிறது. மகனுக்கும் மூன்று வருடத்தை வீணாக்க வேண்டுமா?

— ஒரு தந்தை, திருப்பூர்

பதில்: மகனைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த பீரோவுக்கு வாருங்கள்.

பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது சீர்ப் பட்டியல் போட்டிருப்பீர்கள். நகை, கட்டில், மெத்தை, கிரைண்டர், குத்துவிளக்கு. ஒரு கரண்டி குறைந்தாலும் சம்பந்தி வீட்டில் பேச்சு வந்துவிடுமே என்று இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்த்திருப்பீர்கள். அந்தப் பட்டியலில் அவள் மூன்று வருடம் படித்து வாங்கிய சான்றிதழ் மட்டும் இல்லை. அது வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவளும் கேட்கவில்லை போலிருக்கிறது. கேட்டால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

விதைநெல்லைக் குதிருக்குள் பூட்டிவைத்துவிட்டு, முளைக்கவில்லை என்று நிலத்தைத் திட்டுகிறீர்கள் ஐயா. அவளை ஒரு நாள் வேலைக்கு அனுப்பினீர்களா? ஒரு ஆடிட்டர் ஆபீஸில், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் கணக்குப் பிரிவில், "என் பொண்ணு பி.காம். முதல் வகுப்பு" என்று சொல்லிப் பார்த்தீர்களா? அந்தப் படிப்பு பரீட்சைக்கே போகவில்லை. போகாத பரீட்சையில் தோற்றுவிட்டது என்று நீங்களே தீர்ப்பெழுதி, அந்தத் தீர்ப்பை வைத்துத் தம்பியின் படிப்பையும் நிறுத்தப் பார்க்கிறீர்கள்.

பேப்பரில் படித்தது பொய்யில்லை. படிக்காதவர்களைவிடப் பட்டதாரிகளிடையே வேலையின்மை அதிகம் என்று அரசின் கணக்கெடுப்புகள் வருடாவருடம் சொல்கின்றன. ஆனால் அந்தக் கணக்கில் வேலையில்லாதவர் என்றால் வேலை தேடுபவர் என்று பொருள். படிக்காதவன் வீட்டில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போய்விடுவான். படித்தவனுக்கு வீட்டில் சோறு இருந்தால் நல்ல வேலைக்காகக் காத்திருப்பான். உங்கள் மகள் இந்த இரண்டிலும் சேரமாட்டாள். அவள் வேலை தேடவே இல்லை, தேட விடவும் இல்லை. அதனால் வேலையில்லாப் பட்டதாரிகள் கணக்கில்கூட அவளுக்கு இடம் கிடையாது.

இப்போது மகன்.

சீக்கிரம் வேலைக்குப் போவதை இளக்காரமாகப் பேசுகிற ஆள் நான் இல்லை. ஏதோ ஒரு பொறியியல் கல்லூரியில் லட்சக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டி, அரியரோடு வெளியே வந்து நிற்கும் பையன்களின் அப்பாக்களும் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். அவர்களிடம் வேறு மாதிரி பேசுவேன். உங்கள் கதை அதுவல்ல. அரசுக் கல்லூரியில் பி.காம்.முக்கு வருடத்துக்குச் சில ஆயிரம்தான் ஆகும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பையன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவன் கணக்குக்கே வரும். செலவு என்று சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் யோசிப்பது வராமல் போகும் சம்பளத்தை.

அதையும் கூட்டிப் பார்ப்போம். வாரம் 3,500 என்றால் மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய ஐந்தரை லட்சம். ஒரு வாரம்கூட வேலை நிற்காமல் ஓடினால்! நிற்காமல் ஓடுமா என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். 2020 ஊரடங்கை மறந்திருக்கமாட்டீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது திருப்பூரில் ஆர்டர்கள் நின்றதையும் பார்த்தீர்கள். ஷிப்ட் இல்லையென்றால் சனிக்கிழமைச் சம்பளக் கவரும் இல்லை.

நீங்கள் ஏறிய ஏணி பாதியில் உடைந்திருப்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. அன்று மேசையில் துணியை விரித்து, சாக்பீஸால் அளவு போட்டு, கண் பார்த்துக் கை வெட்டியது. இன்று பெரிய கம்பெனிகளில் அந்த அளவை, மார்க்கர் என்று, கம்ப்யூட்டரில் போடுகிறார்கள், துணியை மெஷின் வெட்டுகிறது. கைமடிப்பதிலிருந்து ஓவர்லாக், பேட்லாக் தையல் மெஷின் வரை உங்கள் மகன் போய்விடுவான். அதற்கு மேலே இருக்கிற வேலைகள், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர், ஷிப்பிங், ஜிஎஸ்டி கணக்கு எல்லாம் ஆபீஸின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே இருக்கின்றன. அங்கே பட்டம் கேட்பார்கள். வங்கி கிளார்க் தேர்வுக்கும் பட்டம் வேண்டும். போலீஸில்கூட, பத்தாவது முடித்தால் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வு எழுதலாம். உதவி ஆய்வாளர் தேர்வுக்குப் பட்டம் கேட்பார்கள்.

"இன்று எல்லாரிடமும் டிகிரி இருக்கிறது" என்பீர்கள். ஆமாம். 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், நாட்டிலோ 28 சொச்சம். சுற்றியிருப்பவர்களில் பாதிப் பேர் கையில் இருப்பது உங்கள் மகன் கையில் மட்டும் இல்லையென்றால், விண்ணப்பக் கட்டிலிருந்து முதலில் ஒதுக்கிவைப்பது யாருடையதை?

பிள்ளை சம்பாதித்து வீட்டுக்குத் தரவேண்டும் என்று நினைப்பதில் தப்பில்லை. தாய் தகப்பனைப் பார்க்காத பிள்ளையை நான் மன்னிப்பதும் இல்லை. ஆனால் அந்தக் கடமையை எப்போது கேட்பது என்று ஒரு கணக்கு இருக்கிறது. நீங்கள் நிமிர்ந்து நின்று துணி வெட்டும் வரைக்கும் அவனிடம் கேட்காதீர்கள்.

கல்லூரியில் சேருங்கள். செமஸ்டர் விடுமுறையில் உங்கள் மேசைக்கு அழைத்துப் போங்கள். துணியின் கனத்தைச் சொல்லும் ஜிஎஸ்எம் என்றால் என்ன, துணி எங்கே சேதாரமாகிறது, முதலாளிக்கு எங்கே நஷ்டம் வருகிறது என்று காட்டுங்கள். பி.காம். படித்தவனுக்கு அந்தக் கண்ணும் இருந்தால் முதலாளியே கூப்பிட்டு நாற்காலி போடுவார். அரியர் வைத்தால் அடுத்த வாரமே கைமடிக்க வரவேண்டும் என்றும் சொல்லிவையுங்கள். அந்தக் கண்டிப்பு வேண்டும்.

இதெல்லாம் ஜூன் மாத வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு வேலை இருக்கிறது. பீரோவைத் திறந்து சான்றிதழை எடுங்கள். உடுமலை பஸ் ஏறுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம். சாப்பிட்டு முடித்ததும், மாப்பிள்ளையும் சம்பந்தியம்மாளும் கூடத்தில் இருக்கும்போதே மகள் கையில் கொடுங்கள். "வேலைக்குப் போகிறாயா கண்ணு?" என்று அவர்கள் காதில் விழும்படி கேளுங்கள். கிளம்புவதற்கு முன்னால் ஆறு செமஸ்டர் மார்க் ஷீட்டும் இருக்கிறதா என்று எண்ணிக்கொள்ளுங்கள். சீர்ப் பாத்திரத்தை எண்ணியது போல.