காப்பியில் சேரும் கலோரி: எதை முதலில் குறைப்பது?

கேள்வி: எனக்கு வயது 46. மதுரை திருநகரில் வசிக்கிறேன். தல்லாகுளத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. எழுந்ததும் ஒன்று, சமையல் முடித்துக் கிளம்பும் முன் ஒன்று, அலுவலகத்தில் ஒன்று, வீடு திரும்பியதும் ஒன்று என நாளுக்கு நான்கு காப்பி குடிக்கிறேன். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சீனி. எடை ஏறிக்கொண்டே போவதால் காப்பியை நிறுத்தச் சொல்கிறார்கள், என்னால் முடியவில்லை. சர்க்கரை நோய் உள்ள என் கணவர் சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறிவிட்டார். நானும் மாறினால் எடை குறையுமா? அல்லது பாலை மாற்றினால் போதுமா?

பதில்: காப்பியை நிறுத்த வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை. பாலும் சீனியும் சேராத வெறும் டிகாக்‌ஷனில் இருக்கும் கலோரி ஒரு தம்ளருக்கு ஐந்தைக்கூடத் தொடாது. எடைக்குக் காரணமாகக் கூடியது அதில் நாம் சேர்ப்பதுதான் என்பதால், முதலில் உங்கள் தம்ளரையே கணக்குப் பார்த்துவிடலாம்.

வீடுகளில் புழங்கும் எவர்சில்வர் தம்ளர் பெரும்பாலும் 150 மில்லி பிடிக்கும். அதில் டிகாக்‌ஷன் 40 மில்லி போக மீதி 110 மில்லி பால் என்று வைத்துக்கொள்வோம். 4.5 சதவீதம் கொழுப்புள்ள பச்சை உறைப் பால் என்றால் அதில் ஏறத்தாழ 80 கலோரி இருக்கும். சீனி ஒரு கிராமுக்கு 4 கலோரி. டீஸ்பூனில் தலைதட்டி எடுத்தால் 4 முதல் 5 கிராம் நிற்கும். நாம் வழக்கமாக எடுப்பதுபோல் கோபுரமாக எடுத்தால் 6 கிராமுக்குக் குறையாது. அப்படி இரண்டு ஸ்பூன் போட்டால் 12 கிராம், அதாவது 48 கலோரி. ஆக ஒரு தம்ளர் காப்பி கிட்டத்தட்ட 130 கலோரி, நான்குக்கு 520. எட்டு இட்லிக்குக் குறையாத கலோரி இது என்றாலும், எட்டு இட்லி தரும் வயிறு நிறைந்த உணர்வை இது தருவதில்லை. குடித்தது கணக்கில் வராமல் போவதும், அதன் பிறகும் வழக்கமான அளவே சாப்பிடுவதும் அதனால்தான்.

இந்தக் கணக்கில் பாலின் பங்கு சீனியின் பங்கைவிடப் பெரியது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அப்படியிருந்தும் சீனியில் முதலில் கை வையுங்கள் என்றே சொல்வேன். பாலில் கலோரியோடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும் வருகின்றன. 46 வயதில், மாதவிடாய் நிற்கும் காலத்தை நெருங்கும் ஒரு பெண்ணுக்கு அவை இரண்டும் தேவை. சீனியில் கலோரியைத் தவிர வேறொன்றும் இல்லை. நாளுக்கு 2,000 கலோரி உண்பவர் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது 2015-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலின் சாரம். உங்கள் காப்பியிலேயே 48 கிராம் போய்விடுகிறது.

இனி கருப்பட்டி. இந்த ஊரில் கருப்பட்டிக் காப்பிக்கென்றே கடைகள் பெருகியிருக்கின்றன. அதன் மணமும் சுவையும் எனக்கும் பிடித்தவையே. ஆனால் கலோரியைக் குறைக்கும் வேலையை அது செய்யாது. 100 கிராம் சீனியில் 400 கலோரி என்றால் கருப்பட்டி, வெல்லம், நாட்டுச்சர்க்கரை ஆகியவற்றில் 380-ஐ ஒட்டி இருக்கும். ஈரப்பதத்தால் வரும் சிறு வித்தியாசம் அது. சீனி அளவுக்கு இனிப்பு தூக்கலாக இல்லாததால் கை தாராளமாக அள்ளிப் போட்டு, அந்தச் சிறு வித்தியாசத்தையும் இல்லாமல் செய்துவிடுகிறது. இரும்பும் தாதுக்களும் உண்டு என்பது உண்மை. ஆனால் காப்பியில் கரையும் பத்துக் கிராமில் வருவது பெயரளவுக்குத்தான். தேனும் இப்படியே: ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம் நிற்பதால் 20 கலோரியைத் தாண்டும். மாலையில் சைக்கிளில் வரும் சுக்குமல்லிக் காப்பியைப் பால் இல்லை என்பதற்காகவும் மருந்து என்பதற்காகவும் கணக்கில் சேர்க்காமல் விடுபவர்கள் பலர். அதில் 15 கிராம் கருப்பட்டி கரைந்திருந்தால் 57 கலோரி உள்ளே போகிறது.

உங்கள் கணவர் விஷயத்தில் இது எடையோடு நிற்பதில்லை. கருப்பட்டியின் பெரும்பகுதி சீனியில் உள்ள அதே சுக்ரோஸ்தான். இரத்தச் சர்க்கரையை அதுவும் ஏற்றும். அவர் கருப்பட்டியை விட்டுவிடுவதே சரி. ஆனால் இன்சுலினோ மாத்திரையோ எடுத்துக்கொண்டு இருப்பவர் நாள்தோறும் சேர்த்த இனிப்பைத் திடீரென்று நிறுத்தும்போது சில வேளைகளில் சர்க்கரை தாழ்ந்துவிட வாய்ப்பு உண்டு என்பதால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டும். இனிப்பே போடாத பால் காப்பியிலும் பாலுக்குரிய சர்க்கரையான லாக்டோஸ் 100 மில்லிக்கு 4.5 கிராம் அளவில் இருப்பதை அவர் நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

சீனியைக் குறைக்க முயன்று ஒரு வாரத்தில் பழைய அளவுக்கே திரும்பிவிட்டேன் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது அவர்கள் வீட்டு டிகாக்‌ஷனைப் பற்றித்தான். கசப்பு எவ்வளவோ அவ்வளவு சீனியை நாக்கு கேட்கும். வீட்டில் கசப்பு கூடுவதற்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, பொடியில் சிக்கரியின் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல் போவது. சிக்கரி டிகாக்‌ஷனுக்கு நிறமும் கனமும் கொடுக்கிறது, விலையையும் குறைக்கிறது. அளவு மீறினால் கருகிய கசப்பைக் கொண்டுவருகிறது. சிக்கரி எத்தனை சதவீதம் என்று பொட்டலத்தின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது விதி; 20-ஐத் தாண்டாததாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டாவது, கொட்டை. காப்பிக் கொட்டையின் இரு முக்கிய வகைகளில் ரோபஸ்டா அராபிகாவைவிடக் கசப்பு மிக்கது, கஃபீனும் அதில் ஏறத்தாழ இரு மடங்கு. வறுத்து அரைத்துத் தரும் கடையில் அராபிகா அல்லது அதன் பீபெரி (பழத்துக்குள் ஒற்றையாக விளையும் உருண்டைக் கொட்டை) கேட்டு, கருக வறுக்காமல் நடுத்தரமாக வறுத்ததாக வாங்கலாம். நமக்குப் பக்கத்திலேயே தாண்டிக்குடி, பண்ணைக்காடு மலைகளில் விளைவது அராபிகாதான். மூன்றாவதும் அதிகம் நடப்பதும், காலையில் இறக்கிய பொடியின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றி எடுக்கும் இரண்டாம் டிகாக்‌ஷன். நல்ல மணமும் சாரமும் முதல் தடவையிலேயே இறங்கிவிடுவதால், இரண்டாவதில் பெரும்பாலும் கசப்பே மிஞ்சும். அதை மாலைக் காப்பிக்கு அடுப்பில் வைத்துக் கொதிக்கவும் விட்டால், சீனி இல்லாமல் யாரால் குடிக்க முடியும்? மாலைக்குத் தனியாகக் கொஞ்சம் பொடி போட்டு இறக்குவதும், ஆறிய டிகாக்‌ஷனைக் கொதிக்க விடாமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சுட வைப்பதும் கலோரிக் குறைப்புக்கு நேரடியாக உதவும் வேலைகள் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை.

டிகாக்‌ஷன் சரியான பிறகு சீனிக்கு வாருங்கள். பல வீடுகளில் எல்லோருக்கும் சேர்த்துப் பால் பாத்திரத்திலேயே சீனியைக் கொட்டிக் கலக்கிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் இருக்கும்வரை யாருடைய அளவையும் தனியாகக் குறைக்க முடியாது. அவரவர் தம்ளரில் அவரவர் சீனி என்று மாற்றுங்கள். சீனியை முதலில் தம்ளரில் போட்டு, அதன் மேல் சூடான டிகாக்‌ஷனை விட்டுக் கரைத்து, பிறகு பாலை ஊற்றி டபராவில் இரண்டு முறை ஆற்றுங்கள். குடித்து முடித்த தம்ளரின் அடியில் ஈரச் சீனி ஒட்டிக்கொண்டிருந்தால், போட்ட இனிப்பு முழுவதும் நாக்குக்கு வந்து சேரவில்லை என்று பொருள். கடைசி மடக்கு மட்டும் பாகாக இனிக்கும், முந்தைய மடக்குகள் போதாமல் தோன்றும். நன்றாகக் கரைத்து ஆற்றினாலே கால் ஸ்பூன் குறைவாகப் போட்டது தெரியாமல் போகும்.

முதல் வாரம் செய்ய வேண்டியது இவ்வளவே: அதே இரண்டு ஸ்பூன், ஆனால் கத்தியின் முதுகாலோ விரலாலோ தலைதட்டிய இரண்டு ஸ்பூன். பத்து நாள் கழித்து ஒன்றரை, அது பழகியதும் ஒன்றேகால், பிறகு ஒன்று. சில வாரங்களில் நாக்கு குறைந்த இனிப்புக்குப் பழகிவிடுகிறது. அப்போது பழைய அளவில் ஒரு காப்பி குடித்தால் திகட்டும். நான்கு காப்பியிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். எழுந்ததும் குடிக்கும் காப்பியை இப்போதைக்கு அப்படியே விட்டுவிட்டு, வேலைக்கு நடுவே கவனமின்றிக் குடிக்கும் காப்பியில் தொடங்குங்கள்.

பாலில் கவனிக்க வேண்டியது உறையின் மேல் அச்சிட்ட கொழுப்புச் சதவீதம். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆவின் பாலில் நீல உறைச் சமன்படுத்தப்பட்ட பால் 3 சதவீதம், பச்சை உறை நிலைப்படுத்தப்பட்ட பால் 4.5, ஆரஞ்சு உறை நிறை கொழுப்புப் பால் 6. 100 மில்லிக்கு முறையே 58, 72, 88 கலோரியை ஒட்டி வரும். புரதத்திலும் சுண்ணாம்புச் சத்திலும் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை என்பதால், பச்சையிலிருந்து நீலத்துக்கு மாறுவதில் உங்களுக்கு இழப்பு எதுவும் கிடையாது. 1.5 சதவீதக் கொழுப்புள்ள இருநிலை சமன்படுத்தப்பட்ட பாலில் கலோரி 47 அளவுதான் என்றாலும், ஃபில்டர் காப்பிக்கு அது நீர்த்துப் போகிறது. அந்த ஏமாற்றத்தை ஈடுகட்டக் கை சீனி டப்பாவுக்குப் போகும் என்பதால் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. இதே காரணத்தால்தான் பாலையும் சீனியையும் ஒரே வாரத்தில் குறைக்கக் கூடாது. பாலின் கொழுப்பு கசப்பை மூடி வைத்திருக்கிறது. அது குறையும்போது அதே டிகாக்‌ஷன் முன்பைவிடக் கடுமையாகத் தெரியும்.

உறையில் உள்ள எண் அடுப்பில் மாறிவிடுவதையும் சொல்ல வேண்டும். அரை லிட்டர் பாலைக் கெட்டியாக வரட்டும் என்று சிறு தீயில் விட்டு 400 மில்லியாகச் சுண்டினால் ஆவியாவது தண்ணீர் மட்டுமே. கொழுப்பும் லாக்டோஸும் பாத்திரத்திலேயே இருக்கும். அப்போது 72 கலோரியாக இருந்த 100 மில்லி பச்சை உறைப் பால் 90 கலோரியாகி, ஆரஞ்சு உறைப் பாலையும் தாண்டிவிடுகிறது. பொங்கியதும் இறக்குங்கள், காலையில் மிஞ்சிய பாலை மாலையில் மறுபடி சுண்ட விடாதீர்கள். கறந்த பால் வாங்குபவராக இருந்தால், காய்ச்சி ஆறவைத்துக் குளிர்பெட்டியில் இரவு வைத்து, மேலே படியும் ஆடையை எடுத்துவிட்டால் கொழுப்பில் கணிசமான பகுதி போய்விடும். எருமைப் பாலுக்கு இது மிகவும் தேவை.

அலுவலகத்தில் இயந்திரக் காப்பியா என்று நீங்கள் எழுதவில்லை. அப்படியானால் அந்தக் கலவைப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து வரிசையாக அச்சிட வேண்டும் என்பது விதி. சர்க்கரை முதலிடத்திலோ இரண்டாம் இடத்திலோ இருந்தால் அதில் நீங்கள் குறைக்க ஒன்றும் இல்லை. வீட்டிலிருந்து சிறு ஃபிளாஸ்கில் கொண்டுபோவதோ, அந்த ஒரு காப்பியை விடுவதோதான் வழி. எடை குறையும் என்று கேள்விப்பட்டுக் காப்பியில் நெய் விடுபவர்களுக்கு ஒரு வரி: அந்த நெய் ஒரு டீஸ்பூனே 45 கலோரி.

செயற்கை இனிப்புகளைப் பற்றியும் கேட்பீர்கள். எடைக் கட்டுப்பாட்டுக்காக இவற்றை நாட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் பரிந்துரைத்தது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது என்றும் அதிலேயே சொல்லியிருக்கிறது. உங்களுக்கு அவை தேவையில்லை. இனிப்பின் அளவு குறையாமல் இருந்தால் நாக்கு எப்படிப் பழகும்? உங்கள் கணவர் கருப்பட்டிக்குப் பதிலாக சுக்ரலோஸ் என்ற செயற்கை இனிப்பை ஒரு மாத்திரையளவு போட்டுக்கொள்வது, அவருடைய மருத்துவர் ஒப்புக்கொண்டால், கருப்பட்டியைவிட நல்லது.

நீல உறைப் பால் 100 மில்லி, டிகாக்‌ஷன் 50 மில்லி, தலைதட்டிய ஒரு ஸ்பூன் சீனி என்று வந்து சேரும்போது உங்கள் தம்ளர் 80 கலோரிக்குள் நிற்கும். நான்கு காப்பியில் நாளுக்கு 200 கலோரி மிச்சம். அந்த மிச்சம் காப்பியோடு கடிக்கும் ஓர் உளுந்த வடையிலும் இரண்டு பிஸ்கட்டிலும் கரைந்துவிடக் கூடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடையில் குடிக்க நேர்ந்தால், மாஸ்டர் கண்ணாடி தம்ளரை எடுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். பெரும்பாலான கடைகளில் முதலில் விழுவது சீனிதான். "சீனி கம்மி" என்றால் ஒவ்வொருவர் கைக்கும் ஒவ்வோர் அளவு. "சீனி தனியா" என்று கேட்டால் ஸ்பூன் உங்கள் கைக்கு வந்துவிடும்.