கடையை உதறிவிட்டுக் கிளம்பலாமா?

கேள்வி: பட்டப்படிப்பு முடித்ததிலிருந்து அப்பாவின் போட்டோ ஸ்டுடியோவில்தான் இருக்கிறேன். பாஸ்போர்ட் படம், கல்யாண ஆல்பம், கேமரா பழுது என்று பொழுது போகிறது. அண்மையில் ஒரு திரைப்படச் சங்கத்தில் ஈவன்ஸ் என்ற டச்சு இயக்குநரின் ‘மழை’ குறும்படம் பார்த்தேன். அன்று முதல் கடையில் உட்கார முடியவில்லை. எனக்கு 28 வயது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சென்னைக்குப் போய் யாரிடமாவது உதவி இயக்குநராகச் சேரலாமா? (பெயர் வெளியிட வேண்டாம்)

பதில்: தம்பி, உங்களைக் கடையிலிருந்து எழுப்பிவிட்ட யோரிஸ் ஈவன்ஸும் போட்டோ கடைக்காரர் வீட்டுப் பிள்ளைதான். இது தெரியாமலே அவர் படத்தில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்!

1898இல் நெதர்லாந்தின் நைமேகன் நகரில் பிறந்தவர். தாத்தா புகைப்படக்காரர், அப்பா கேஸ் ஈவன்ஸ் கேமரா வியாபாரி. 1912இல், 13 வயதில், வீட்டாரையே நடிக்க வைத்து ஒரு செவ்விந்தியக் கதையைப் படம் பிடித்தான் பையன். வீட்டில் அதை விளையாட்டாகத்தான் பார்த்திருப்பார்கள். பிறகு ராட்டர்டாமில் பொருளாதாரம், பெர்லினில் புகைப்பட வேதியியல், ஜெர்மன் கேமரா தொழிற்சாலைகளில் பயிற்சி என்று அனுப்பியதெல்லாம் கடைக்கு ஒரு வாரிசு தயாராக வேண்டும் என்பதற்காக. 1926இல் திரும்பிவந்து ஆம்ஸ்டர்டாம் கிளையில் தொழில்நுட்பப் பிரிவைக் கவனித்தார்.

அந்தப் பயிற்சி வீண்போகவில்லை. அவர் கையாண்டது ‘கினாமோ’ என்று ஒரு ஜெர்மன் கேமரா. முக்காலி வேண்டாம், கையில் பிடித்தே எடுக்கலாம், சாவி கொடுத்தால் ஓடும். உள்ளே 25 மீட்டர் பிலிம்தான் கொள்ளும். ஒரு நிமிடத்தைச் சற்றே தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும். எதை எடுப்பது என்று முடிவு செய்யாமல் அதைக் கையில் எடுக்க முடியாது. கல்யாண வீட்டில் விடிய விடிய கேமராவை ஓடவிடும் நம்மவர்களுக்கு இப்படி ஒரு கஞ்சத்தனம் நல்ல வாத்தியார்.

1927இல் நண்பர்களுடன் சேர்ந்து ‘ஃபில்ம்லீகா’ என்ற சங்கத்தைத் தொடங்கினார். சோவியத் இயக்குநர் புதோவ்கினின் ‘தாய்’ படத்துக்கு வந்த தடைதான் அதற்குத் தூண்டுகோல். திரையரங்குகளுக்கு வராத படங்களை உறுப்பினர்களுக்காகத் திரையிட்டார்கள். மற்றவர்கள் கலையைப் பற்றி வாதாட, இவருக்கு வாய்த்தது தொழில்நுட்ப வேலை.

அடுத்த ஆண்டு ‘பாலம்’ வந்தது. ராட்டர்டாமில் அப்போது புதிதாகத் திறந்திருந்த ரயில்வே தூக்குப்பாலம்தான் கதாநாயகன். ரயில் வந்து நிற்கிறது. பாலத்தின் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்புகிறது. கப்பல் கடந்துபோகிறது. பாலம் இறங்குகிறது, ரயில் புறப்படுகிறது. கதை அவ்வளவுதான். ஆனால் கம்பி வடமும் சக்கரமும் இரும்புச் சட்டங்களும் ஒன்றையொன்று இழுப்பதை அவர் வெட்டி ஒட்டியிருக்கும் விதத்தில் நமக்கு மூச்சு முட்டும். படம் வெளியானபோது அவருக்கு வயது 29. ஆகவே வயதைப் பற்றிய கவலையை விடுங்கள்.

1929இல் இன்னொரு டச்சு இயக்குநரான மன்னுஸ் ஃபிராங்கனுடன் சேர்ந்து எடுத்ததுதான் நீங்கள் பார்த்த ‘மழை’. தெருவில் ஒருவர் கையை நீட்டித் தூறலைப் பார்த்துவிட்டுக் கோட்டின் காலரைத் தூக்கிவிடுவாரே, நினைவிருக்கிறதா? திரையில் ஒரே மழை. உண்மையில் பல மாதங்களாகப் பெய்த பல மழைகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது அது. ஆம்ஸ்டர்டாமிலேயே குடியிருப்பவனுக்குத்தான் அது கைகூடும். இரண்டு வாரம் வந்து தங்கிப் போகிறவனுக்கு வாய்க்காது.

ஒன்றை மறைக்கக் கூடாது. அவருக்கு அப்பாவின் பணமும் அலமாரி நிறைய கேமராக்களும் இருந்தன. உங்கள் ஸ்டுடியோவை அந்த வியாபாரத்தோடு ஒப்பிட முடியாது. இருந்தாலும், அவரை அடுத்த படிக்கு ஏற்றியது அப்பாவின் பணம் அல்ல. அந்தச் சின்னப் படங்களுக்குப் பிறகுதான் கட்டடத் தொழிலாளர் சங்கம் தன் வெள்ளிவிழாவுக்குப் படம் எடுத்துத் தரச் சொன்னது. 1931இல் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகவும் ஒரு படம் எடுத்தார். யாருக்கும் உதவியாளராக நின்று காத்திருந்து வந்த வாய்ப்புகள் அல்ல இவை. சென்னையில் உதவி இயக்குநராகச் சேருவது தப்பில்லை. ஆனால் கையில் காட்ட ஒன்றுமில்லாமல் போனால் வருடக்கணக்கில் வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கும்.

உங்கள் ஊரில் தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு வேலையைத் தேடுங்கள். நெல் அவிக்கும் ஆலை இருந்தால் நல்லது: ஊறுவது, ஆவி பறப்பது, களத்தில் காய்வது, அரைபடுவது. வசனம் வேண்டாம், பின்னணிக் குரல் வேண்டாம், பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு துண்டையும் ஒரு நிமிடத்துக்குள் நிறுத்துங்கள். முதலில் சில நாள் கேமரா இல்லாமல் போய் நில்லுங்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் உங்களைக் கவனிப்பதை நிறுத்திய பிறகு எடுக்கத் தொடங்கலாம். அப்பாவிடம் இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமைகளை மட்டும் கேளுங்கள்; முகூர்த்த நாளாக இருந்தால் அதையும் கேட்காதீர்கள். படம் முடிந்ததும் முதலில் அவருக்குப் போட்டுக் காட்டிவிட்டு, சென்னைப் பேச்சை எடுங்கள்.